சைதாப்பேட்டையில் படித்த கலியுக பீமன்

பராக்கிரமசாலிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள், அவர்கள் தூக்கிய பாரத்தையும் உடைத்த சங்கிலியையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அவர்கள் எங்கே, எவ்வாறு கற்றார்கள் என்பதை மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்து போய்விடுவது வழக்கம். கோடி ராமமூர்த்தி நாயுடுவின் வரலாற்றிலும் அப்படி ஒரு வாக்கியம் உண்டு. மார்பின் மீது யானையை ஏற்றி நிறுத்தியவர் என்றும், புறப்பட முயலும் மோட்டார் வண்டிகளைச் சங்கிலியால் பிணைத்து அசையவிடாமல் பிடித்தவர் என்றும், ‘கலியுக பீமன்’ என்றும் தேசமெங்கும் கொண்டாடப்பட்ட அந்த மனிதர், அந்தப் பிரசித்தியெல்லாம் வந்து சேர்வதற்கு முன்னால், நம் சைதாப்பேட்டையில் ஓராண்டு காலம் தங்கி, தேகப்பயிற்சி ஆசிரியருக்கான படிப்பை முடித்து, சான்றிதழும் கையுமாக ஊர் திரும்பினார் என்பதே அது. அவருடைய வாழ்க்கை முழுவதையும் எனக்கு விளங்கவைப்பது அந்த ஓராண்டுதான்.

அவர் பிறந்தது 1882-இல், இன்றைய ஆந்திரத்தின் வடகோடியில் இருக்கும் வீரகட்டம் என்ற சிற்றூரில். அந்தப் பிரதேசம் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே சென்னைப் பட்டணம் அவருக்கு அயலூர் ஆகாது, அவருடைய மாகாணத்தின் தலைநகரமே. இளமையிலேயே தாயை இழந்துவிட்ட சிறுவனை, விஜயநகரத்தில் போலீஸ் உத்தியோகத்தில் இருந்த சிறிய தகப்பனார் நாராயணசாமி அழைத்துச் சென்று வளர்த்தார். (துங்கபத்திரைக் கரையில் இருக்கும் விஜயநகரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்; இது விசாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள சமஸ்தான ஊர்.) அங்கே பையனுக்குப் பள்ளிக்கூடத்துப் பாடத்தைவிடக் கோதாவின் மண்ணில்தான் மனம் பதிந்தது. தண்டாலும் பஸ்கியும் மல்யுத்தமுமாக வளர்ந்து, இருபத்தொரு வயதுக்குள் ஒன்றரை டன் பாரத்தை மார்பில் தாங்கும் சக்தியை அடைந்துவிட்டார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. அந்த வயதில், அந்த சக்தியோடு, வேறொருவனாக இருந்தால் நேரே சர்க்கஸ் கூடாரத்துக்குப் போயிருப்பான். ராமமூர்த்தியோ சைதாப்பேட்டைக்கு வந்து, பிள்ளைகளுக்குத் தேகாப்பியாசம் கற்பிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டு, தாம் படித்த பள்ளிக்கூடத்துக்கே பயிற்சி ஆசிரியராகத் திரும்பினார்.

சைதாப்பேட்டை என்றதும் இன்று நமக்கு நினைவு வருவது அடையாற்றின் மேல் உள்ள மறைமலை அடிகள் பாலமும், காரணீஸ்வரர் கோயிலும், நெரிசல் மிகுந்த கடைவீதியும்தான். ஆனால் ஆசிரியர்களை உருவாக்கும் ஊர் என்ற கீர்த்தி அதற்கு நெடுங்காலமாகவே உண்டு. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் ஆசிரியப் பயிற்சி பெற்றது இங்கே உள்ள கல்லூரியில்தான். பின்னாளில், 1920-இல், ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, ஆசியாவிலேயே இத்தகைய கல்லூரிகளில் முதலாவது என்ற பெருமையோடு வந்து நிலைபெற்றதும் இதை ஒட்டிய நந்தனத்தில்தான். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சென்ற இந்திய அணியின் நிர்வாகியாக உடன் போனவர் இந்த பக் துரைதான். மவுண்ட் ரோடில் பேருந்தில் போகும்போது அந்தக் கல்லூரி மைதானத்தின் மரங்களைப் பார்க்கிறவர்கள், உடம்பைப் பழக்குவதும் ஒரு வித்தை, அதையும் முறையாகக் கற்க வேண்டும், கற்பிக்கவும் வேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டில் வேரூன்றிய இடங்களில் ஒன்று இது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

ஆசிரியராக இருந்தவர் சில காலத்தில் நண்பர் ஒருவரின் உதவியோடு விஜயநகரத்தில் ஒரு சர்க்கஸ் கம்பெனியை அமைத்தார். அது ஊர் ஊராகச் சென்றது. வைஸ்ராய் மின்டோ பிரபுவின் மோட்டார் வண்டியையே அவர் நகரவிடாமல் பிடித்து நிறுத்தியதாகச் சொல்வார்கள். திலகர் அவரைப் பாராட்டினார் என்றும், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முன்னிலையில் தம் வித்தைகளைக் காட்டி ‘இந்திய ஹெர்குலிஸ்’ என்ற பட்டம் பெற்றார் என்றும் சொல்வார்கள். பராக்கிரமசாலிகளைச் சுற்றிக் கதைகள் வளர்வது இயல்பு. அவருடைய மகிமைக்குக் கதைகளின் தயவு தேவையில்லை என்பதால், அவற்றை அப்படியே வைத்துவிட்டு, யாரும் நின்று யோசித்துப் பார்க்கக்கூடிய ஒரு வித்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

யானை. மல்லாந்து படுத்திருக்கும் மனிதனின் மார்பில் கெட்டியான ஒரு மரப்பலகை வைக்கப்படுகிறது. அதன் மேல் யானை ஏறி நிற்கிறது. ஒரு பெண் யானை இரண்டரை, மூன்று டன் கனம் இருக்கும். பலகை இல்லாமல் அதன் ஒரு பாதம் மட்டும் விலா எலும்பில் பதிந்தால் மனிதன் பிழைக்க மாட்டான். பலகை செய்கிற உபகாரம் என்னவென்றால், பாரம் ஒரே இடத்தில் குவியாமல் தோளிலிருந்து இடுப்பு வரை அதைப் பரப்பிவிடுகிறது. பலகையின் முனை தரையைத் தொடுமானால் பாரத்தில் ஒரு பங்கைத் தரையே ஏற்றுக்கொள்கிறது. இதைக் கேட்டவுடன், அப்படியானால் இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களை நான் வேண்டிக்கொள்வது, எஞ்சுகிற பங்கைக் கணக்கிட்டுப் பாருங்கள் என்பதே. அதில் பாதிக்குப் பாதி குறைந்தாலும் சாதாரண மனிதனின் விலாக்கூடு நொறுங்கிவிடும். அந்தக் கூட்டை நொறுங்காமல் காப்பது எலும்பின் கனமும் தசையின் பருமனும் மட்டும் என்றால், பருத்த தேகமுள்ள எவரும் இதைச் செய்திருப்பார்கள். உள்ளே அடைத்து வைத்த மூச்சுதான் அதைக் காத்தது. ராமமூர்த்தி பயின்ற பிராணாயாமமும், அதன் உச்சமாக அவர் பிரசித்தி பெற்றிருந்த வாயு ஸ்தம்பனமும் இங்கேதான் பொருள் பெறுகின்றன. நிறைந்த நுரையீரலுக்கும் இறுகிய வயிற்றுக்கும் இடையில் அழுத்தம் ஏறும்போது, மார்பு வெறும் கூடாக இராமல் திண்ணிய ஒரு தூணாகிவிடுகிறது. ஐந்து நிமிஷம் வரை அவர் அவ்வாறு தாங்கினார் என்று குறிப்புகள் சொல்கின்றன. அந்தச் சில நிமிஷங்களுக்குப் பின்னால் எத்தனை வருஷத்து அப்பியாசம் இருந்திருக்கும் என்பதுதான் என் சிந்தையை நிறைக்கிறது.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் எழுதவில்லை. மந்தைவெளியில், மாடி ஒன்றில் நடக்கும் சிறிய பயிற்சிக் கூடத்துக்குச் சில காலமாகப் போய் வருகிறேன். அங்கே பளு தூக்குகிறவர்களும் இருக்கிறார்கள், வலுதூக்குகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதை அறியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பளுதூக்குதலில் பாரம் தலைக்கு மேல் போக வேண்டும். வலுதூக்குதலில், அதாவது பவர்லிஃப்டிங்கில், தோளில் தண்டைச் சுமந்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட், பெஞ்சில் படுத்து மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ், தரையிலிருந்து இடுப்பு வரை இழுத்து நிமிரும் டெட்லிஃப்ட் என மூன்று செயல்கள் மட்டுமே. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு. மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்குக் காட்டினால்தான் தூக்கியது தூக்கியதாகும். ஸ்குவாட்டில் இடுப்பின் மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்கவில்லை என்றால், எத்தனை நூறு கிலோவைச் சுமந்து எழுந்தாலும் அது செல்லாது.

ஒரு நாள் காலை, கல்லூரி மாணவி ஒருத்தி தண்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு இருபது கிலோ தட்டுகளை மாட்டிக்கொண்டு, தண்டையும் சேர்த்து நூறு கிலோவுக்குக் கீழே போய் நின்றாள். கையில் சுண்ணப் பொடி. இடுப்பில் அகலமான தோல் பெல்ட். மாஸ்டர் அவள் பின்னால் நின்றுகொண்டு, “மூச்ச நெஞ்சுல புடிக்காத, வயித்துல புடிம்மா. எறங்கும்போது விடாத. மேல வந்தப்புறம் விடு” என்றார். அவள் “சரி மாஸ்டர்” என்று சொல்லி, பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டாள். அவளுடைய வயிறு நாலு பக்கமும் விரிந்து பெல்ட்டை அழுத்துவதும், அந்தத் தோல் வார் கிறீச்சிடுவதும், பக்கத்தில் நின்ற எனக்குக் கண்ணுக்கும் காதுக்கும் பிரத்தியட்சமாகத் தெரிந்தன. இறங்கினாள், அடியில் ஒரு கணம் நடுங்கினாள், எழுந்தாள். அந்த பெல்ட் தானாக எதையும் தாங்குவதில்லை. உள்ளே இருக்கும் அழுத்தம் மோதித் திரும்புவதற்கு ஒரு சுவர் போல அது நிற்கிறது, அவ்வளவுதான், தாங்குவது மூச்சே. யானையைத் தாங்கிய மார்புக்கும் நூறு கிலோவைச் சுமந்த அந்தப் பெண்ணின் முதுகெலும்புக்கும் ஆதாரம் ஒன்றுதான் என்று எனக்கு அன்று பட்டது. உதரவிதானம் கீழே இறங்க, அடிவயிற்றுத் தசை இறுக, நடுவில் அகப்பட்ட குடலும் மற்ற உறுப்புகளும் திடப்பொருள் போலாகி, முதுகெலும்பை முன்புறத்திலிருந்து தாங்குகின்றன. நம் பெரியவர்கள் இதை வாயு ஸ்தம்பனம் என்றார்கள். மாஸ்டர் “வயித்துல புடி” என்கிறார்.

ஆனால் இதில் அபாயமும் இருக்கிறது. அதை மறைப்பது தவறு. 1985-இல் கனடாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், பயிற்சி பெற்ற ஐந்து இளைஞர்களின் தமனிக்குள்ளேயே கருவியைப் பொருத்தி, அவர்கள் இரு காலாலும் கனமான பாரத்தைத் தள்ளும்போது இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி 320/250 வரை ஏறியது. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. வீட்டில் கருவி 150 காட்டினால் நாம் கவலைப்படுகிறோம் என்பதை இதனோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். 2016-இல் எடி ஹால் என்ற ஆங்கிலேயர் 500 கிலோவை டெட்லிஃப்ட்டில் நிமிர்த்தியபோது மூக்கிலிருந்து இரத்தம் வடிந்ததையும், உடனே மயங்கிச் சரிந்ததையும் உலகம் பார்த்தது. ஆகவே இரத்த அழுத்தம் உள்ளவர்களும், ஐம்பதைக் கடந்து புதிதாகத் தொடங்குகிறவர்களும், மருத்துவரிடம் கேட்காமல், நல்ல மாஸ்டர் அருகில் இல்லாமல், மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும் யத்தனத்தில் இறங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். ராமமூர்த்தி ஆசிரியப் பயிற்சி பெற்றவர் என்பதை நான் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணமும் இதுதான். இந்த வித்தை, படிப்படியாக ஏற்றத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து கற்பிக்க வேண்டிய வித்தை.

பராக்கிரமக் காட்சி வேறு, வலுதூக்கும் போட்டி வேறு என்று இன்று பிரித்துவிட்டார்கள். வலுதூக்குதலுக்கான சர்வதேச சம்மேளனம் 1972-இல் அமைந்தது. லாரி இழுப்பதும் உருண்டைக் கல் தூக்குவதுமான ‘உலகின் மிக வலிமையான மனிதர்’ போட்டி 1977-இல் தொடங்கியது. இரண்டிலும் கொடிகட்டிப் பறந்தவர் அமெரிக்கரான பில் காஸ்மேயர். 1979-இலும் 1983-இலும் வலுதூக்குதலில் உலக சாம்பியன். இடையில் 1980, 1981, 1982 மூன்று ஆண்டுகளும் அந்தப் பராக்கிரமப் பட்டம் அவருக்கே. ஒன்றில் எல்லோருக்கும் ஒரே தண்டு, ஒரே விதி. மற்றதில் கண்முன் நிற்கும் பொருள் எதுவானாலும் அசைத்தாக வேண்டும். ராமமூர்த்தியின் காலத்தில் இந்த விதிகளும் விளக்குகளும் இல்லை. கூடாரத்தில் வந்து உட்கார்ந்த ஜனங்களே நடுவர்கள்.

அந்த ஜனங்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஐரோப்பாவெங்கும் பெயர் பெற்ற பராக்கிரமசாலி யூஜின் சாண்டோ 1904-05-இல் இந்தியாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்தார்; அவரைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. இந்தியர்கள் துர்ப்பலர்கள், ஆளத் தகுதியற்றவர்கள் என்ற பேச்சை ஆள்கிறவர்கள் சொல்லியும் ஆளப்படுகிறவர்கள் நம்பியும் வந்த காலம் அது. அந்தக் காலத்தில், தெலுங்கு நாட்டுச் சிற்றூரில் பிறந்த ஒருவர், தண்டாலும் பஸ்கியும் பிராணாயாமமுமாகிய நம் வீட்டுப் பயிற்சியிலேயே வளர்ந்த தேகத்தைக் கொண்டுவந்து கூடாரத்தின் நடுவில் நிறுத்தியபோது, அது பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக மட்டும் இருந்திருக்க முடியாது. அந்தக் கூடாரத்தை அவர் நடத்திய பெரிய வகுப்பறையாகவே நான் கருதுகிறேன்.

நம் தமிழ்நாட்டிலும் இந்த மரபு இருந்தது. கிராமத்து மந்தையில் கிடக்கும் இளவட்டக்கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவனுக்கே பெண் என்று வழங்கிய ஊர்கள் உண்டு. வழவழவென்று உருண்டிருக்கும் அந்தக் கல்லில் பிடிமானமே இருக்காது. முழங்காலுக்கும் மடிக்கும் இடையில் அதை ஏற்றிக்கொள்வதே பாதி வெற்றி. கோயம்புத்தூரில் தேகப்பயிற்சி சாலை நடத்திய இளைஞர் ஒருவர் ‘சாண்டோ’ என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு சென்னைக்கு வந்து, 1956-இல் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்து, தேவர் பிலிம்ஸ் என்ற பெரிய ஸ்தாபனத்தையே உருவாக்கினார். சாண்டோ சின்னப்பா தேவரைத் தயாரிப்பாளராகவும் முருக பக்தராகவும் அறிந்தவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய கர்லாக்கட்டையின் நினைவு இருக்கிறது? மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி சிற்பி மட்டுமல்லர், மல்யுத்தம் பழகியவரும்கூட. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் முதுகையும் தொடையையும் அடுத்த முறை சாவகாசமாகப் பாருங்கள்; பாரத்தைத் தாமே சுமந்து அறிந்த ஒருவரின் கை அதில் தெரியும்.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து வந்த சதீஷ் சிவலிங்கமும் இந்த வரிசையில் வருகிறவர்தான். முன்னாள் படைவீரரும் பளுதூக்குபவருமான தந்தையின் கண்ணெதிரே பழகி, 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றும் ஸ்னாட்ச்சில் 149 கிலோவும், முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் ஏற்றும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179 கிலோவுமாக மொத்தம் 328 தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். ஆனால் அப்போது மொத்தம் 317. அதற்கு முன்பு தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்று தொடையில் காயப்பட்டு, அந்த வலியோடுதான் அங்கே போயிருந்தார். இந்தத் தொழிலில் தேகம் கொடுப்பதும் உண்டு, வசூலிப்பதும் உண்டு.

ராமமூர்த்தியிடமும் அது வசூலித்தது. பிற்காலத்தில் காலில் கண்ட ஒரு புண் முற்றி, காலையே எடுக்க வேண்டி வந்தது. குளோரோஃபார்ம் வேண்டாம் என்று மறுத்து, மூச்சைக் கட்டுப்படுத்திக்கொண்டு அந்த அறுவையைப் பொறுத்தார் என்கிறார்கள். இதையும் கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. நூறு கிலோவுக்குக் கீழே உதட்டை இறுக்கிக்கொண்ட அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு வரவே இல்லை. கடைசி நாட்கள் ஒடிசாவின் பலாங்கீரில் கழிந்தன. 1942 ஜனவரி 16-ஆம் தேதி காலமானார். விசாகப்பட்டினம் கடற்கரையில் அவருக்குச் சிலை இருக்கிறது; ஸ்ரீகாகுளத்தில் விளையாட்டரங்கம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

படித்த ஊராகிய நம் ஊரும் அவரை நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. நந்தனத்திலும் சைதாப்பேட்டையிலும் உடற்கல்வி கற்பிக்கும் பெரியவர்களை நான் கேட்டுக்கொள்வது, மாணவர்களுக்கு முதல் வகுப்பில் ஒரு கால் மணி நேரம் இவருடைய விருத்தாந்தத்தைச் சொல்லுங்கள் என்பதே. இந்தப் பதிவை வாசிக்கிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வசிக்கும் பழைய தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றில், தாத்தா காலத்துப் பெட்டிகளில், சர்க்கஸ் நோட்டீஸோ, புகைப்படமோ, பத்திரிகைத் துண்டோ கிடக்கக்கூடும். அப்படி ஏதேனும் கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.